சிடி நுழையாத லேப்டாப்

நம் வீட்டு நர்ஸம்மாவுக்கு,

டூட்டி முடிந்து வந்ததும் மேசைமேல் இருக்கும் லேப்டாப்பைத் தொடாதே. சிடியில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னும் ஏறவில்லை. சிடி போட அதில் இடமே இல்லை என்று கடையிலேயே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

பென்டிரைவ் மூலம் ஏற்றலாமாம். ஆனால் அதிலுள்ள எல்லாவற்றையும் முதலில் அழிக்க வேண்டுமாம். வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதில்தான் ஆஸ்பத்திரியில் நீ டைப் செய்த பதவி உயர்வுத் தேர்வுக் குறிப்புகள். நாளை மறுநாள் தேர்வு. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்துவைத்து, மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இருபத்திரண்டு பக்கத்தையும் நோட்டில் கையால் எழுதினேன். பிறகுதான் அழித்துவிட்டு, சிடியில் இருந்ததை அதில் ஏற்றினேன்.

"ஏன் சார், இந்தக் கம்ப்யூட்டர்லயே காப்பி பண்ணி வெச்சிருக்கலாமே?" என்று பக்கத்து மேசைக்காரர் இப்போது சிரிக்கிறார். மூன்று நாளும் வேடிக்கை பார்த்த மனுஷன், முதல் நாளே சொல்லித் தொலைத்தால் என்ன?

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப் அந்தப் பென்டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆன் செய்யும்போதே ஏதோ ஒரு பட்டனை அமுக்க வேண்டுமாம். கீபோர்டின் மேல் வரிசை முழுக்க அமுக்கிவிட்டேன், தலைவலிதான் மிச்சம். ரிப்பேர்க்காரரைக் கையோடு அழைத்துவரப் போகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நோட்டு உன் தலையணைமேல்.

பி.கு.: ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மருந்தின் அளவு சந்தேகமாக இருக்கிறது. சரிபார்.

இன்னொன்று: "என் படிப்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று போன வாரம் சண்டையில் கேட்டாய். நான் வந்ததும் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கேள்.