ஆறு வருஷத்து வலி

செவ்வாய்க்கிழமை, இரவு. தாம்பரம் ஆஸ்பத்திரி.

நாளைக்குப் பித்தப்பைக் கல்லை எடுப்பதாக இருந்தது. மத்தியானம் இன்சூரன்ஸ்காரர்கள் அனுமதி தராமல் கேள்வி எழுப்பிவிட்டார்கள். எல்லாம் என் வாயால் வந்தது.

நேற்று பீர்க்கன்கரணையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியதும், எப்போதிலிருந்து வலி என்று நர்ஸ் கேட்டாள். "ஆறு வருஷமா இருக்குதும்மா. ஒரு நாள் படுத்ததில்ல, பேத்திக்கு டிபன் கட்டாம இருந்ததில்ல" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். என் மகன் டேவிட் எனக்குப் பாலிசி எடுத்ததோ போன வருஷம்தான். அதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்களாம்.

"ஏம்மா, உன் வீரத்தையெல்லாம் அங்க போயா பேசுவ?" என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சாயந்திரம் டாக்டரம்மா வந்தார். "ஆறு வருஷம் முன்னாடி ஸ்கேன் எதுவும் எடுக்கலையே. அது வாயு வலியாகூட இருந்திருக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, காலைல நான் பதில் எழுதணும். ஆபரேஷனத் தள்ளிப்போட முடியாது" என்றார். டேவிட் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

யோசித்தேன். அதே இடம், அதே வலி. வாயு என்று சொன்னால் பொய். உண்மையைச் சொன்னால் என் பிள்ளை பணத்துக்கு எங்கே போவான்?

இப்போது விலாவுக்குக் கீழே மறுபடி பிடிக்கிறது. தலைமாட்டில் பெல் இருக்கிறது. அழுத்தினால் யாராவது வருவார்கள், ஏதாவது கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள். நான் அழுத்தவில்லை. டேவிட் கீழே பாயில் தூங்குகிறான். அவனையும் எழுப்பவில்லை.