குர்பான் ஆட்டின் வயிற்று மயிர்

12.10.81, திங்கள்
காலையில் தூறல். கடல் பக்கம் கறுப்பு.

நுவரெலியாவில் படிப்பித்த காலத்தில், தூண்டில் முள்ளில் மயிரும் இறகும் சுற்றிப் போலிப் பூச்சி கட்டி ஆற்றோரம் மீன் பிடிக்கும் கிளாக்கர் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், மீன் நாம கட்டுற இறகைக் கண்டா ஏமாறுது, உள்ள சுத்துற மயிரைக் கண்டா?" அன்று பதில் தெரியவில்லை. மயிரைக் கண்டுதான். இறகு விறைத்து நிற்கும். மயிர்ப்பஞ்சு தண்ணீரில் மூச்சுவிடுவது போல அசையும். மீனுக்கு அது உயிருள்ள பூச்சி.

கடையில் விற்கும் மயிர்ப்பஞ்சு சீமைச் சாமான். சிறு பொட்டலம், யானை விலை. என்னுடையது பெருநாளுக்கு அறுத்த குர்பான் ஆட்டின் வயிற்று மயிர். தோல் தருமமாக மத்ரசாவுக்குப் போகுமுன் கத்தரிக்கோலால் நாலு இடத்தில் ஒட்ட வெட்டியது. சவர்க்காரத் தண்ணீர், தேயிலைச் சாயம், நிழலில் உலர்த்தல். இறால் குஞ்சு நிறம் வந்திருக்கிறது.

கடற்றொழில் செய்யும் காசீம், இந்த மயிர் சுற்றிக் கட்டிய தூண்டில் மூன்று கேட்டான்; கொடுத்தேன். பதிலுக்கு இரண்டு பாறை மீன் தந்தான். பொரியல். நல்ல ருசி.

14.10, புதன்
வெயில். வாசல் படலையடியில் ஹனீபா. என் மனைவி ஆமினாவின் காக்கா, கூடப் பிறந்த மூத்தவன்; மத்ரசாவுக்குத் தோல் சேர்ப்பவன். ஒரே கத்தல்.

"மச்சான், தோல் வாங்குற முதலாளி உங்கடதக் கையாலயும் தொடல்ல! நாலு இடம் மொட்டை. சொறி ஆடாம். நோய் ஆட்டையா குர்பான் குடுத்தீங்க?"

"மயிர் நான் வெட்டினது."

"வெட்டி என்ன செய்ற? தலகாணியா?"

ரோட்டில் மூன்று பேர் நின்று சிரிப்பு.

குர்பானுக்குக் குறையில்லாத ஆடு வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துகிறான். பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கிய ஆடு. நாய்ப் பயல். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

15.10, வியாழன்
தேநீர்க் கடையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "சொறி மாஸ்டர் வாறார்." திரும்பவில்லை. குடையை மறந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து, மயிர் அடைத்த தகரப் பேணியை எடுத்துக்கொண்டு நேரே ஹனீபா வீடு. தோலை வெயிலில் விரிக்கச் சொன்னேன். நாவிதன் வெட்டிய தலையும் புழுவெட்டு விழுந்த தலையும் ஒன்றா? சொறி என்றால் பொருக்கு இருக்கும். வெட்டு என்றால் அடிமயிர் சமமாக நிற்கும். விரலால் தடவினான்.

"சரி, வெட்டுத்தான். குர்பான் மயிர வித்தீங்களா?"

"இல்ல. அல்லாஹ் அறிய, ஒரு மயிரும் விக்கல்ல."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு. ஆமினா சட்டி கழுவிக்கொண்டே, தலை தூக்காமல்:

"அப்ப அந்தப் பாறை மீன்?"

குர்பானில் எதையும் நாம் பாவிக்கலாம், சும்மா கொடுக்கலாம். விலைக்கோ மாற்றுக்கோ கொடுக்கக் கூடாது. தெரிந்த சட்டம். மயிரை மாற்றி மீன் தின்றிருக்கிறேன். போதாததற்கு அல்லாஹ் பேரில் சத்தியமும் செய்திருக்கிறேன்.

மீன் தந்த காசீம் மீதும் கோபம். நியாயமில்லை, ஆனாலும் கோபம்.

16.10, வெள்ளி
சந்தையில் இரண்டு பாறை மீன் வாங்கினேன், தின்றதைவிடப் பெரியவை. மத்ரசாக் குசினிக்கு நானே தூக்கிப் போனேன். அங்கே ஹனீபா அரிசி அளந்துகொண்டு. சமையலுக்கு ஐந்தாறு பேர்.

"என்ன மச்சான், மீன் சதகாவா?"

"தருமமெல்லாம் இல்ல. உன்னட்டப் பொய் சொல்லிட்டன். மயிரக் குடுத்துப் பாறை வாங்கித் திண்டன். அதுக்கு இது."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"ஊட்டுக்குப் போங்க மச்சான். ஜும்ஆத் தொழுகைக்கு முன்ன குளிங்க, மீன் மணக்குது."

ஆடு சொறியில்லை என்று அத்தனை பேர் முன் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கடமை முடிந்தது. இனி அவனுக்கு ஸலாம் மட்டும். அதற்கு மேல் கதை பேச்சு இல்லை.

17.10, சனி
மிச்ச மயிரைத் தென்னையடியில் புதைத்தேன். ஆமினா பார்த்தாள்.

இனி மயிருக்குப் பதில் சணல் சாக்கு நார். பழைய அரிசிச் சாக்கில் ஓர் இழையை உருவிப் பிரி, நகத்தளவாக நறுக்கு, சீப்பால் சிக்கெடு, தேன்மெழுகு பூசிய நூலில் ஒரே பக்கமாக உருட்டிப் பார்.