உள்ளே நின்றுதான் அடிப்பேன்

பெப்ரவரி 24, செவ்வாய்

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் தோட்டத் தலைவர் என்னைக் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கக் கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் பூசை நேரத்தில் தப்படிக்கும் எங்கள் சாதி ஆட்கள் மட்டும் கோயிலுக்கு வெளியே மழையில் நிற்பது இனி நடக்காது, உள்ளே நின்றுதான் அடிப்பேன் என்றேன்.

"வழக்கத்த மாத்தச் சொல்றீங்களா? நாங்க தப்புச் சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் ஸ்பீக்கரில் தப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். என் மனைவி சரசு, "போயிறாதீங்க" என்றாள். சற்று நேரத்தில் சத்தம் நின்றது. கூத்தில் ரதி வேஷம் கட்டும் செல்வம் காலில் சலங்கையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, அது பாட்டுக்கு அடிக்குது. எங்க காலப் பாத்து அடிக்க மாட்டேங்குது. நீங்க வாங்கண்ணே."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும், "உள்ள விடச் சொல்லு, வர்றேன்" என்றேன்.

செல்வம் குனிந்து சலங்கையை அவிழ்த்தான்.

"அப்ப நானும் ஆடல."

நாளை தலைவரிடம் இருவரும் சேர்ந்தே போகிறோம்.