முதுகுக்குப் பின்னால் ஓர் ஏரி

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.
பொங்கல் முடிந்த வாரம்.

அன்பு மகன் கதிரேசனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கிரைண்டரும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே வெளிநாட்டுப் பனியில் நீயும் நலமாக இருக்க இசக்கியம்மன் துணை. என் கை மாவில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அரசி எழுதுகிறாள். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று நீ பாதியில் வெட்டிவிடுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

பட்டமளிப்பு அழைப்போடு நீ அனுப்பிய, உங்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் போட்ட தாளை அரசி எனக்குப் படித்துக் காட்டினாள். ஏரிக்கரை நடைபாதை, சனிக்கிழமைச் சந்தை, மணிக்கூண்டு எல்லாம் சரி. காலேஜிலேயே மாடு வளர்த்து ஐஸ்கிரீம் விற்கிறார்களாமே, அப்படியென்றால் பால் கறக்கவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம்? அப்புறம் ஒரு தோட்டத்தில் நாமே ஆப்பிள் பறித்து, அதற்குக் காசும் கொடுக்க வேண்டுமாம். பறித்ததற்குக் கூலி நமக்கல்லவா தர வேண்டும்? உன் அப்பா, ஏட்டி நீ அங்க போய் சண்டை போட்டுக் கூலி வாங்கிட்டுத்தான் வருவ என்கிறார்.

அன்றைக்குப் போனில், பட்டமளிப்புக்கு நான் வரவில்லை என்று சொன்னதும் உன் குரல் கம்மிப் போனது எனக்குக் கேட்டது. சரிம்மா, இந்த மாசத்துக்குள்ள டிக்கெட் போடணும், இல்லேன்னா விட்ருவோம் என்று வைத்துவிட்டாய். விமானத்துக்குப் பயந்து நான் அப்படிச் சொல்லவில்லை. வேலை இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்ச் சும்மா பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஹவுராவுக்குப் போனால் யாரையாவது ரயில் ஏற்றிவிட, கரியாஹாட் போனால் பாத்திரம் வாங்க. உன் வாத்தியார்கள் முன்னால் எதைப் பார்ப்பது, என்ன சொல்வது என்று முழித்து உனக்குத் தலைகுனிவு உண்டாக்கிவிடுவேனோ என்றுதான். இதை உன் அப்பாவிடம் சொன்னதற்கு, சரோபர் ஏரி கேட்டுல தண்ணிக்கு முதுகக் காட்டியே இத்தன வருசமா இட்லி அவிச்சாச்சு, ஒருநாளாவது திரும்பி நின்னு பாத்திருக்கியா, மொதல்ல இங்க பாத்துப் பழகு என்றார்.

அதனால் போன திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டு, புளியோதரையும் குடையும் எடுத்துக்கொண்டு, நானும் அரசியும் நம் ஏரியையே சுற்றிப் பார்க்கப் போனோம். பார்க்க விட்டால்தானே! குரங்குக் குல்லாய் போட்ட ஒவ்வொரு தாத்தாவும், மாஷிமா, ஆஜ் இட்லி நேய்? சித்தி, இன்றைக்கு இட்லி இல்லையா என்று மறித்தார். இட்லி இல்லை, இன்றைக்கு நானும் டூரிஸ்ட் என்றால் யாரும் நம்பவில்லை. கையைத் தூக்கிச் சிரிக்கிற கூட்டம் ஒன்று காலையில் கூடுமே, சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்குகிற ஆட்கள், அவர்கள் என்னை நடுவில் இழுத்து நிறுத்திவிட்டார்கள். குடையோடு கையைத் தூக்கி ஹா ஹா என்றேன். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் நின்ற ஒருவர் குல்லாயும் குடைக்கம்பியில் மாட்டி என்னோடு வந்துவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், இதை எழுத மாட்டேன் என்று அரசி பேனாவைக் கீழே வைக்கிறாள், நான் கரண்டியோடு நிற்கிறேன், எழுதுவாள். பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து, ஏகானே தேகார் கீ ஆச்சே, இங்கே பார்க்க என்னதான் இருக்கிறது என்று கேட்டார்கள். கடையில் யாராவது கூடக் கொஞ்சம் சட்னி கேட்டாலே என் முந்தானைக்குப் பின்னால் போகிறவள், பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வெளி ஆள் யாரிடமும் வாய் திறக்காதவள், உன் தங்கை எழுந்து நின்று பதில் சொன்னாள். தீவு மசூதிக்குப் போகிற தொங்குபாலத்தில் நடுவில் நில்லுங்கள், எதிரே ஆள் வந்தால் தொட்டில் மாதிரி ஆடும். இந்தக் குளிருக்கு வந்த பறவைகளை அந்த மரத்துக்குப் பின்னால் பாருங்கள், பேசாமல் நின்றால் கிட்டே வரும். ஜப்பான் புத்தர் கோயிலில் சாயங்காலம் மேளம் அடிப்பார்கள், அதை உள்ளே போய்க் கேட்காதீர்கள், தண்ணீர் ஓரம் நின்று கேளுங்கள் என்று வங்காளத்தில் மளமளவென்று சொல்கிறாள். எனக்குக் கடலை தொண்டையில் நின்றுவிட்டது. ஏட்டி, இதெல்லாம் நீ எப்பம் பாத்த என்றேன். தேங்கா வாங்கப் போம்போதும்மா என்றாள். லேக் மார்க்கெட்டில் கூட்டம், கூட்டம் என்று ஒரு தேங்காய்க்கு ஒரு மத்தியானம் ஆக்குவாளே, அந்தக் கூட்டமெல்லாம் கொக்கும் நாரையும்தான்.

கதிரு, முதல் தடவை கூப்பிட்டபோது எனக்கும் அப்பாவுக்கும் டிக்கெட், அரசி பக்கத்து வீட்டு பௌதி அக்காவோடு இருக்கட்டும் என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன், அவளும் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினால் சம்மதம் என்று நாமே முடிவு பண்ணிக்கொண்டோம். இப்போது நான் சொல்கிறேன், நான் வருகிறேன், என்னோடு அரசி வருவாள். பார்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும், நான் அவள் பின்னால் நடந்துகொள்வேன். அப்போ எனக்கு டிக்கெட் இல்லியா என்று உன் அப்பா கேட்டார். இட்லி யார் அவிக்கிறது, நீங்க தண்ணிக்கு முதுகக் காட்டிட்டு நில்லுங்க என்றேன். மூன்றாவது டிக்கெட்டும் போட முடிந்தால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்தத் தாளில் உள்ளதெல்லாம் இருக்கட்டும், உங்கள் ஏரியில் வெயில் படுகிற பெஞ்சு எது என்று மட்டும் பார்த்து வை. பட்டம் வாங்கி, பல்லாண்டு நன்றாக இரு.

உன்னைப் பார்க்க வரும்
அம்மா விஜயலட்சுமி

அண்ணா, அம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் எழுதிவிட்டேன். ஆனால் மார்க்கெட்டில் உண்மையிலேயே கூட்டம்தான். உங்கள் ஏரியில் என்ன பறவை வரும்?
- அரசி