மச்சச் சட்டியும் திமிங்கிலமும்

யப்பான்
6 மே 2025

அன்புள்ள மனோகரி அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள், அத்தான், வேணுகா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

லா ஷோ-து-ஃபோன் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை என்னை இங்கே புது இயந்திரம் பழகத்தான் அனுப்பியது. ஆனால் இங்கே அலுவலகத்தில் வேலை செய்யும் ஹருமி என்ற பெண்ணோடும் பழகிவிட்டேன். சிரிக்காதீர்கள், அக்கா. கலியாணம் செய்ய யோசிக்கிறோம். ஆகஸ்டில் அவளைச் சுவிசுக்குக் கூட்டிவருகிறேன். அம்மா இல்லாத எனக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிற்க வேண்டும். நீங்கள் ஓம் என்றால்தான் பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து.

ஒன்றை மறைக்க மனமில்லை. ஹருமியின் அண்ணன் திமிங்கிலம் பிடிக்கும் கப்பலில் வேலை செய்கிறார். போன கிழமை அவர்களின் கடற்கரை ஊருக்குப் போனேன். எனக்குத் திமிங்கில இறைச்சி பரிமாறினார்கள். மறுக்கத் தெரியாமல் ஒரு துண்டு சாப்பிட்டேன். மாட்டிறைச்சி மாதிரியும் இருந்தது, ஈரல் மாதிரியும் இருந்தது. நல்லதோ கெட்டதோ என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
கேதீஸ்


பேர்ண்
19 மே 2025

தம்பி கேதீசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். அவள் யப்பான்காரி என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. பெரியம்மாவின் பேரன் சுவிஸ்காரியைக் கட்டினான், அவள் என்னைவிட நல்லாய்ப் புட்டு அவிக்கிறாள். ஆனால் திமிங்கிலமாடா? பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற சீவன்! உனக்கு அது எப்படித் தொண்டைக்குள் இறங்கியது?

வேணுகாவின் அறைச் சுவரில் பெரிய திமிங்கிலப் படம் ஒட்டியிருக்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். திமிங்கில வேட்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கையெழுத்துச் சேர்த்தவள் அவள். விஷயத்தைக் கேட்டதும், "மாமா இனி இஞ்சை வரவேண்டாம்" என்று கதவை அடித்துச் சாத்தினாள். நானும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பெண்ணின் கை என் அடுப்படியில் ஒரு சட்டியையும் தொடாது.

நான் வேலை செய்யும் வைத்தியசாலைச் சமையலறையில் ஒரு சுவிஸ்காரியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இடைவேளையில் குதிரை இறைச்சியை மென்றுகொண்டே, "காட்டுமிராண்டிகள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உன் மேலுள்ள கோபம் ஆறவில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பை எப்படி வெட்டுவார்கள்? அதற்குத் தனிச் சட்டி வைத்திருக்கிறார்களா? அந்தப் பெண்ணும் சாப்பிடுகிறவளா? பாவம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றாதா? பதில் எழுது. கேள்வி கேட்டதால் நான் ஓம் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே.

மனம் நொந்திருக்கும்
அக்கா


யப்பான்
8 யூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டினாலும் எழுதினீர்களே, அதுவே போதும்.

நீளப் பிடி வைத்த கத்தியோடு திமிங்கிலத்தின்மேல் ஏறி நின்று வெட்டுகிறார்கள். தனிச் சட்டி இல்லை. நாங்கள் மீன், இறைச்சிக்கு மச்சச் சட்டி, மரக்கறிக்குச் சைவச் சட்டி என்று பிரித்து வைப்போம் என்று சொன்னேன். ஹருமி, "அது சட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

உலக யுத்தத்துக்குப் பிறகு வந்த பஞ்சத்தில் அவளின் அப்பா பள்ளிக்கூடத்தில் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாராம். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது வேண்டாம், கோழிதான். ஹருமியும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. அண்ணன் கடலுக்குப் போவது அவளுக்கும் விருப்பமில்லை. ஆனால் வெளியாட்கள் வந்து அவரைக் கொலைகாரன் என்று கத்தியபோது, இவள்தான் முன்னால் போய் நின்றாளாம்.

பாவம் தோன்றாதா என்று கேட்டீர்கள். அவர்களின் கோயில் வளவில் ஒரு கல் இருக்கிறது, அக்கா. கொல்லப்பட்ட திமிங்கிலங்களுக்கும் அவற்றின் வயிற்றில் இருந்த குட்டிகளுக்குமாக வைத்த கல். செத்தவர்களுக்கு நாங்கள் செய்யும் துவசம் மாதிரி வருசத்துக்கு ஒருமுறை மந்திரம் ஓதுகிறார்கள். அண்ணனும் வந்து கும்பிட்டார். கொன்றவரே துவசமும் செய்கிறாரே என்று நான் திகைத்துப் போனேன்.

அதைச் சொன்னபோது ஹருமி கேட்டாள்: "உங்கள் அக்கா சமைக்கிற ஆட்டுக்குக் கல் வைத்திருக்கிறாரா?" உங்களையே கேட்கிறேன்.

அன்புடன்
கேதீஸ்


பேர்ண்
2 யூலை 2025

அன்புத் தம்பிக்கு,

ஆட்டுக்குக் கல்லோ! நல்ல வாய்க்காரிதான் உன் ஆள். இரண்டு கிழமை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, அதுதான் பதில் போடவில்லை.

அத்தானுக்காக நேர்த்தி வைத்து நான் மச்சம் விட்டேன். அவர் விடவில்லை. ஞாயிறு தவறாமல் நான்தான் அவருக்கு ஆட்டிறைச்சி காய்ச்சுகிறேன். வாயில் வைக்கமாட்டேன், மணத்தை வைத்தே மட்டுக்கட்டுவேன், கடைசியில் உப்புப் பார்க்க அவரைக் கூப்பிடுவேன். போன ஞாயிறு சட்டியைப் பார்த்தபடியே நின்றேன். ஒரு ஆட்டுக்காவது கும்பிட்டிருக்கிறேனா? இல்லை. தேங்காய்ப்பாலை விட்டு மூடிவிட்டேன்.

அத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஊர்க்கோயிலிலை கிடாய் வெட்டுறதை நிப்பாட்டச் சொல்லி வழக்குப் போட்டவங்களெல்லே, அப்ப நான் 'எங்கடை வழக்கத்தைப் பற்றிக் கதைக்க அவை ஆர்?' எண்டு துள்ளினனான். நீ 'நிப்பாட்டத்தான் வேணும்' எண்டனி. இப்ப நீயும் நானும் எந்தப் பக்கம்?" என்றார்.

ஆனால் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. திமிங்கிலத்தைக் கொல்வது பிழைதான். அவளின் முகத்துக்கு நேரே சொல்வேன், அண்ணனைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லச் சொல்லியும் கேட்பேன். அவள் ஆட்டைப் பற்றிக் கேட்கட்டும். அவள் வராவிட்டால் நான் இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

படத்தைக் கழற்று என்றேன், வேணுகா மாட்டாளாம். நானும் விட்டுவிட்டேன், வருகிறவள் பார்க்கட்டும். ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது, "அவவுக்கு இங்கிலீஷ் தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டாள். கேட்க நிறைய இருக்கிறதாம்.

எழுத்துக்குக் கட்ட அவளுக்கு என்ன நிறச் சேலை பிடிக்கும் என்று கேட்டு எழுது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூட்டிவா. அத்தானிடம் உப்புக் கேட்டால் எப்போதும் "காணும், போதும்" என்றுதான் சொல்வார், அவரின் நாக்கை இனி நம்பமாட்டேன். என் மச்சச் சட்டிக்கு உப்புப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அகப்பையை ஹருமியிடம் கொடுக்கிறேன்.

முன்னுக்கு நிற்கும்
உன் அக்கா மனோகரி