பெண் பிள்ளைகள்: இல்லை

அன்புள்ள அண்ணி,

உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். பொறுப்பு முதல்வர் என்று கதவில் பலகை மாட்டிவிட்டார்கள். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். வீட்டில் நாத்தனார், கல்லூரியில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவள். இருபது வருஷத்தில் உங்களிடம் நான் மறைத்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் ஆரம்பித்த களப் பாடத்தை வரும் ஜூனிலிருந்து எல்லாக் கல்லூரிகளிலும் நடத்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருக்கிறது. துணைவேந்தரே கூப்பிட்டுச் சொன்னார். திட்டத்துக்கு உங்கள் பெயர். திங்கட்கிழமை தொடக்க விழா, அதில் நான் பேச வேண்டும். நான்கு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

அந்த முதல் வருஷம் ஞாபகமிருக்கிறதா? ஆசிரியர் அறையில் எத்தனை கேலி! "டிமாண்டும் சப்ளையும் போர்டுலயே இருக்கட்டுமே மேடம், மீன் நாத்தத்துல போயி எதுக்கு?" என்றார் நம் மூத்த பேராசிரியர். "பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்து போற பாடத்த இன்னும் எத்தன வருசம் சார் நடத்துறது?" என்று கேட்டீர்கள். அவர் டீயைக் குடித்தார். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, சொல்தாவாக இருந்தவர். சொல்தா வீட்டுப் பெண்ணுக்கு மீன் மார்க்கெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்கள், நெல் மண்டிக்குப் போனார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண்கள் திரும்பி வந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். அதெல்லாம் உண்மை. நானும் அதில் மயங்கித்தான் இருந்தேன்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போன நாளில் உங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கூட்டம். இரண்டாம் வருஷப் பொருளாதார வகுப்புப் பெண்களோடு நான் போனேன். விடிந்தும் விடியாமலும் படகுகள் வந்துகொண்டிருந்தன. ஏலக்காரர் கத்துவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அதன் பிறகு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான். வயது, படிப்பு, வீடு, பிள்ளைகள் எத்தனை, கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா.

கலையரசியை உங்களுக்குத் தெரியும். கனகசெட்டிக்குளத்துப் பெண். முன் பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் "என்னங்கடி, சவா?" என்று பிரெஞ்சில் நலம் கேட்டபடி நுழைந்தால் முதலில் சிரிக்கிறவள். அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அம்மா விண்ணப்பத்தைக் கையால் தொடவே இல்லை. "எங் கையி கவுச்சி அடிக்கும், நீங்களே எழுதிக்குங்கம்மா" என்று முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டார். நான்தான் எழுதினேன். அதனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அன்று துறைமுகத்தில், சங்கரா மீனை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டிருந்தது அதே முகம்.

கலையரசியின் ஜோடிப் பெண் நேராக அவரிடம்தான் போனாள். கலையரசி தாளும் பேனாவுமாக அவள் பின்னால் நின்றாள். நான் ஐந்தடி தூரத்தில். அந்த அம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னை நோக்கி மெல்லத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று.

"பசங்க எத்தினி பேருக்கா?"

"ரெண்டு ஆம்பள பசங்க."

"பொண்ணுங்க?"

"இல்ல பாப்பா. பொம்பளப் புள்ள இல்ல எனக்கு."

"வீட்டுக்காரரு குடிப்பாரா?"

"குடிக்காம? நேத்துகூடத்தான் ரோட்டுல கெடந்தாரு" என்று அவர் சிரித்தார். ஜோடிப் பெண்ணும் சிரித்தாள். கலையரசி குனிந்து எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அடி எடுத்து வைத்து, "போதும், வேற யார்கிட்டயாவது கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் விருப்பத்தை மதிக்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் எடுத்த படங்களில் அந்த அம்மாவின் படத்தை, யாரென்று தெரியாமல் நீங்களே பொறுக்கி எடுத்தீர்கள். "இந்த மூஞ்சியப் பாரு வசந்தா, இதுல ஒரு பாடமே இருக்கு" என்றீர்கள். பெரிதாக்கிக் கல்லூரி மண்டபச் சுவரில் மாட்டினோம், கீழே கலையரசி எழுதிய அந்தப் பதில் தாளோடு. பெண் பிள்ளைகள்: இல்லை. எட்டு நாள் கலையரசி அந்தச் சுவரைத் தாண்டி வகுப்புக்குப் போனாள். ஒன்பதாம் நாள் வரவில்லை.

"கலையரசி எங்க?" என்று கேட்டீர்கள். களப் பாடத்தைப் பார்வையிடப் பல்கலைக்கழகக் குழு அந்த வாரம்தான் வர இருந்தது. உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "கல்யாணம் நிச்சயமாயிருக்காம் அண்ணி" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்? மாதக் கடைசியில் மறுபடி கேட்டீர்கள், மறுபடி அதையே சொன்னேன். மூன்றாம் தடவை கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில். "அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நம்மளக் கூப்புடவே இல்லியே?" அப்போது மட்டும் உண்மையை எப்படிச் சொல்வேன், சொல்லுங்கள்? அந்தப் பொய்யையேதான் மறுபடி சொன்னேன்.

போன சனிக்கிழமை கனகசெட்டிக்குளம் போனேன். கல்யாணம் ஆகவில்லை அவளுக்கு. ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அந்தப் பழக்கம் போகவில்லை. நீங்கள் தவறியதைப் பேப்பரில் பார்த்தாளாம்.

"அன்னிக்கி வேலைக்குப் போவல மேடம். அழுதுகிட்டே கெடந்தேன்."

"அவங்க மேல கோவம் இல்லியா?"

"அவங்களுக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும்ல?"

குரலை உயர்த்தவில்லை, அண்ணி. மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அம்மா மீன் விற்பது வெட்கமாக இருந்ததால் நின்றுவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதையும் தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன். "எங்கம்மா மீன் விக்கறது ஊருக்கே தெரியும் மேடம். எனக்காகப் பொய் சொல்லிச்சி. நான் 'அம்மா'ன்னு ஒரு வார்த்த கூப்புட்டிருக்கணும்ல? கூப்புடல. இல்லன்னு எங் கையாலயே எழுதினேன். அந்தச் செவுத்துல இருந்தது எங் கையெழுத்து. அத வச்சிகிட்டு என்னத்தப் படிக்கிறது?"

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாந்தாம்மா வாய் தவறிட்டேன். அவ கூட படிக்கிறதுங்க எளக்காரமா பாக்கக் கூடாதுன்னு. அதுலேர்ந்து எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதே இல்ல." கலையரசி தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர்கள் வீட்டு வாசலில் அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை?

துணைவேந்தரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, முழுக்கக் கேட்டார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மேடையில வேணாம்மா. மேடத்தோட பேருக்கு ஒரு கறை வேணுமா?" என்றார். அண்ணன் ஒருபடி மேலே போனார். "செத்தவள எழுப்பி உக்கார வச்சி கேள்வி கேக்கப் போறியா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு, பஸ் ஏறி அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பீர்கள் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு, குழு வந்து போகட்டும் என்று நீங்களும் சொல்லியிருப்பீர்களோ என்கிறது. அந்தச் சந்தேகத்தோடு உங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வலிக்கிறது. நான் வாயைத் திறந்திருந்தால் உங்களுக்கே பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் பறித்துவிட்டேன்.

களப் பாடம் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அது எத்தனை பெண்களின் வாயைத் திறந்தது என்று பார்த்தவள் நான். ஆனால் ஏழைகளின் பிழைப்பைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம் என்றோமே, அந்தப் பிழைப்பிலிருந்தே வந்த பிள்ளையும் அதே வரிசையில் நிற்கிறாள் என்பது நமக்கு ஏன் தோன்றவே இல்லை?

திங்கட்கிழமை மேடையில் சொல்லப் போகிறேன், அண்ணி. அவர்கள் பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். கலையரசியிடம் கேட்டுவிட்டேன், "சொல்லிக்குங்க, பேரு மட்டும் வேணாம்" என்றாள். பிள்ளைகளோடு போன ஆசிரியை பார்த்துக்கொண்டு நின்றாள், முதல்வரிடம் பொய் சொன்னாள், அவள் நான்தான் என்று சொல்வேன். அண்ணன் முன் வரிசையில் இருப்பாரா, எழுந்து போவாரா, தெரியாது. அதற்கடுத்த நாள், படிப்பைத் தொடர்வதற்கான விண்ணப்பத்தோடு கனகசெட்டிக்குளம் போவேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருஷமும் போவேன். அவள் கதவைச் சாத்துகிற வரைக்கும் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் மூன்று தடவை பொய் சொன்ன,
உங்கள் நாத்தனார்
வசந்தா