உமது குரலை வெட்டிய கதை

இன்று காலை சுவிஸில், எங்கள் டீட்டிகோன் வீட்டுச் சமையலறையில் உமது இருமல் கேட்டது. கைபேசியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அடுப்பில் பால் இருந்ததை மறந்து ஒரு கணம் வாசலைப் பார்த்துவிட்டேன்.

நீர் போய் அடுத்த வாரத்தோடு ஒரு வருடம். உமது ஆண்டுத் திவசத்துக்காக நாளை யாழ்ப்பாணம் போகிறேன். உமது அக்கா ஒன்றுதான் கேட்டிருந்தார்: "அவன்ர குரல் இருந்தாக் கொண்டு வா தம்பி. முப்பது வருசத்துக்கு மேல போனில 'சுகமோ, சாப்பிட்டியோ' எண்டதைத் தவிர வேறொண்டும் கதைக்கேல்லை அவன்." யாராவது ஒட்டுக் கேட்பார்கள், அக்காவுக்குத்தான் கரைச்சல் என்று நீர் அப்படி இருந்தீர். எனக்குத் தெரியும்.

உமது குரல் செய்திகள் என்னிடம் நிறைய உண்டு. காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரசாங்கத்தை ஏசாத ஒன்றுகூட அகப்படவில்லை. பாடன் நகரில் ரயிலைத் தவறவிட்ட கதையைத் தொடங்கினாலும் மூன்றாம் நிமிடத்தில் ஏதோவொரு அமைச்சரிடம் போய் நிற்கிறீர்.

ஊருக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் கைபேசியில் உள்ளதை அழித்துத் துடைப்பது இங்கே வழக்கம். பெட்டியை நிறுத்துப் பார்ப்பதுபோல அதுவும் ஒரு பயண வேலை. மகள் எதிரே வந்து இருந்தாள்.

"அப்பா, எயார்போட்டில போனை வாங்கிப் பாத்தா?"

"இப்ப அப்பிடி இல்லையாம்."

"இல்லையாம் எண்டதை நம்பியோ போறீங்கள்? இந்தச் சுவிஸ் சிவப்புப் பாஸ்போட்டைக் கண்டு பயந்திடுவாங்களோ? சரி, உங்களை விடுங்கோ. யாழ்ப்பாணத்து மாமி அங்க தனிய இருக்கிறா. அவவின்ர வீட்டை ஆரும் வந்தா?"

கைபேசியை அவளிடம் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் வெட்டி ஒட்டி நான்கு நிமிடமாக்கினாள். மழை, இருமல், டாவோஸ் ஹோட்டலில் தட்டுக் கழுவிய காலம், கத்தரிக்காய்க் குழம்பு. "இந்தாங்கோ, மாமா சுகமா இருக்கிறார்" என்றாள்.

கேட்டேன். சொற்கள் எல்லாம் உம்முடையவை. ஆள் வேறு. எவரோடும் கோபமில்லாத, எதையும் இழக்காத ஒருவர் குழம்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்திரிகைப் படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே நாமும் அகதிகளாய்த் தங்கியிருந்த நேரம். நிவாரண அரிசி வாங்க வரிசையில் நின்றோம். அரசாங்கப் படப்பிடிப்பாளர் பின்னுக்கு நடந்து நடந்து வாய்க்காலுக்குள் விழுந்தார். எல்லோரும் சிரித்தோம். விழுந்த இடத்திலிருந்தே அவர் எடுத்த படம் மறுவாரம் அரசாங்கப் பத்திரிகையில் வந்தது. முன்வரிசையில் நீர், வாய் நிறையச் சிரிப்பு. கீழே, அரசின் உதவியால் மகிழும் மக்கள் என்று எழுதியிருந்தது.

"மாஸ்டர், இதில பொய் எங்க இருக்கெண்டு காட்டும் பாப்பம்" என்றீர். என்னால் முடியவில்லை. அரிசி உண்மை, சிரிப்பும் உண்மை. "வாய்க்காலை வெட்டிப்போட்டாங்கள், மாஸ்டர். ஏன் அகதியா வந்தனாங்கள் எண்டதையும் வெட்டிப்போட்டாங்கள்."

வானொலி வேறு தினமும் 'இயல்புநிலை' என்று சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்த என் மாமாவே, "மற்ற இடங்களில எல்லாம் சரியாகிட்டுது போல" என்றார்.

அந்தச் சிரிப்பின் காரணத்தை நீர் ஒரு பத்திரிகைக்கு எழுதினீர். கடிதம் வரவேண்டிய இடம் வெறுமையாக அச்சாகி வந்தது. உமது எழுத்தை வாசித்தவர்கள் தணிக்கைக்காரர் மட்டும்தான். பத்து நாளில் இருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து உம்மை விசாரித்தார்கள். அந்த வாரமே நீர் ஊரை விட்டீர்.

இங்கு வந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கட ஆக்களிட்டையும் கத்தரிக்கோல் இருக்கு" என்றீர். அதன்பிறகு இங்குள்ள தமிழர் கலைவிழாக்களில் உமக்குப் பக்கத்துக் கதிரைகள் காலியாகவே கிடந்தன. நானும் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தேன். அதை நீர் ஒருநாளும் கேட்கவில்லை.

அக்காவுக்கு அழைத்தேன். "உங்கட தம்பி கொஞ்சம் உறைப்பாக் கதைச்சிருக்கிறார். குறைச்சுக் கொண்டு வரட்டோ?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கத்தியது. பிறகு சொன்னார்: "ஏசாமல் கதைச்சா அது அவனில்லை. எனக்காண்டி வாயைக் கட்டிக்கொண்டிருந்தவன். நீ வேற ஆரையும் கொண்டு வந்து தராதை."

"இல்லை அக்கா, வீட்டை ஆரும் வந்து கேட்டால்..."

"எனக்கு எண்பத்தொண்டு. வரட்டும், தேத்தண்ணி வைக்கிறன்."

மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு, "சார்ஜரைப் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, கைப்பையில வையுங்கோ" என்றாள்.

பதினொரு நிமிடச் செய்தி ஒன்றை முழுதாக வைத்திருக்கிறேன். விமானநிலையத்து அதிகாரியின் மேசையை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. அந்தச் செய்தியை இன்னொரு தரம் கேட்டேன். அமைச்சரின் பெயரைச் சொல்லுமுன் நீர் ஒரு கணம் நிறுத்துகிறீர். பாடனில் உமது வீட்டில், கதவு பூட்டிய அறையில், தனியாக இருந்துகொண்டு குரலைத் தாழ்த்துகிறீர். இத்தனை வருடம் அது என் காதில் விழவில்லை. நீர் பயப்படாத மனிதர் என்றே நினைத்திருந்தேன்.

அந்த இடத்தையும் வெட்டவில்லை. அப்படியே அக்காவிடம் கொண்டு போகிறேன்.